செலீனின் மரம் நடக்கிறதாம்

மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் ஒரு மரம் நடக்கிறதாம். வருஷத்துக்கு நாலு விரற்கடை. கிழக்குப் பக்கமாக மட்டும்தான் போகுமாம். வேரோடு, மண்ணோடு, சத்தம் சந்தடி இல்லாமல் பக்கத்து வீட்டுக் காணிக்குள் போய்க்கொண்டே இருக்கிறதாம்.

2005ஆம் ஆண்டு வைகாசி மாதம், ஞாயிறு பூசை முடிந்து கோவில் நிலவறையில் ரோல்ஸும் தேநீரும் கைமாறிய இடத்தில் இரண்டு மாதமாகச் சுற்றிவந்த இந்தச் செய்தியும் கைமாறியது. மாதா சுரூபம் கண்ணீர் விட்டது, மெழுகுதிரி தானாகப் பற்றிக்கொண்டது போன்ற செய்திகளை அந்த நிலவறை நிறையக் கேட்டிருக்கிறது. அவற்றுக்கெல்லாம் சனம் ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ரோல்ஸைக் கடிக்கும். இந்தச் செய்தியை மட்டும் ரோல்ஸை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டது. அவை புண்ணியக் கதைகள். இது காணிக் கதை.

"செபஸ்தியாம்பிள்ளை அண்ணை மரத்தை வைச்சு மச்சான்ரை நிலத்தைத் தின்னுறாராம்," என்றாள் திரேசம்மா. "கதியால் தள்ளுற மாதிரித்தான். கனடாவுக்கு வந்தும் கை சும்மா இருக்குதில்லை."

கதியால் என்பது வேலிக்கு ஊன்றும் உயிர்த்தடி. பூவரசையோ கிளுவையோ வெட்டி ஊன்றினால் துளிர்த்து மரமாகிவிடும். வேலி புதுப்பிக்கும்போதெல்லாம் கதியாலைக் கொஞ்சம் அடுத்த வீட்டுப் பக்கம் சரித்து ஊன்றுவது யாழ்ப்பாணத்தில் சிலருக்குக் கைவந்த கலை. இதில் அவசரம் கூடாது. அப்பன் தொடங்கி வைத்தால் மகன் காலத்தில் அடுத்த வீட்டுக் கிணற்றில் பாதி இந்தப் பக்கம் வந்திருக்கும்.

கேட்டதை அப்படியே எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனாலும் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மரம் நடக்கிறதா என்று பார்க்க அளவு நாடா வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும், மரத்தின் சொந்தக்காரர் வேண்டும். முதல் இரண்டும் உடனே கிடைத்தன. மூன்றாவதுதான் இழுபட்டது. மரம் தன்னுடையது என்றார் செபஸ்தியாம்பிள்ளை. துணித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, வீட்டில் ஓய்வில்லாமல் இருப்பவர். "அது அவன்ரை மரம், என்ரை நிலம்," என்றார் அடுத்த வீட்டு மச்சான் பேரின்பநாதன். கோட்-டெ-நெய்ஜில் மாடிக் கட்டடமொன்றைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. இருவரும் அவரவர் வாசலில் நின்று, ஒருவரையொருவர் பாராமல், ஒரே நேரத்தில் பேசினார்கள். வாசற்படியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலாமவரின் மனைவி, இரண்டாமவரின் தங்கை, செலீன். அந்த மரத்தை வாங்கியவள் அவள்தான்.

அளந்து பார்த்ததில் மரம் அசையவே இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் முன்பு நின்ற இரும்பு வலை வேலியின் தூணுக்குப் போட்ட சீமெந்துக் கட்டி இன்னும் மண்ணில் கிடக்கிறது. மரம் அதற்கு மேற்கே ஒரு சாண் தள்ளி நின்றது. நட்ட அன்றும் ஒரு சாண்தான் என்றாள் செலீன். அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. மேற்குப் பக்கம் அடர்ந்த இலை. கிழக்குப் பக்கம், அரைவாசியில் சவரம் நின்றுபோன முகம் மாதிரி, வெட்டி வெட்டி உள்ளே போன கிளைகள். நடந்தது மரமல்ல, பேரின்பநாதனின் கத்தரி. அது நடந்ததும் கிழக்கே அல்ல, மேற்கே.

வதந்தி தலைகீழ். சரி, தலைகீழாக அதை நட்டது யார்? அதற்குச் செலீனின் கதையைச் சொல்ல வேண்டும்.

செலீன் யாழ்ப்பாணத்துக் குருநகர்காரி. கணவனுக்குப் பின்னால் மொன்றியலுக்கு வந்து, garderie என்கிற பிள்ளைகள் காப்பகமொன்றின் சமையலறையில் சேர்ந்து, அங்கேயே நிலைத்துவிட்டாள். பகல் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்கு உப்பில்லாமல் கரட் அவிப்பாள். பின்னேரம் பஸ் பிடித்து வந்து வீட்டில் உறைப்பாக மீன் காய்ச்சுவாள். வீடு கணவனின் பெயரில். பக்கத்து வீடு அண்ணனின் பெயரில். இரண்டையும் ஒரே வருஷம் சேர்ந்து வாங்கினார்கள், சேர்ந்தே இருக்கலாம் என்று. திருநாளுக்கு மாதாவின் சுரூபம் வைக்கும் கூட்டைப் பூவால் சோடிப்பது அவள். நன்றி சொல்லப்படுவது விழாக் குழுவுக்கு. அவள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

2001 வசந்தத்தில் அவள் மிளகாய்க் கன்று வாங்கப் போனாள். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஓர் இத்தாலிக்காரரின் நாற்றுக்கடை இருந்தது. கடையின் மூலையில், உரப்பைகளுக்குப் பின்னால், சுருக்கி வைத்த குடையைப் போல ஒரு மரம் நின்றது. ஆள் உயரம், கை அகலம். இலையோ நாவற்பழ நிறம். இரண்டு பருவமாக விலைபோகாமல் நின்றதால் கடைக்காரருக்கு அதன் மேல் வெறுப்பு. அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. இப்படி ஒட்டி ஒடுங்கி நிற்கும் மரத்தோடு அவளுக்கு என்ன உறவென்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

பீச் மரம் என்றார் அவர். பழக்கடையில் கிடைக்கும் பீச் அல்ல. இது வேறு சாதி; அழகுக்கு வளர்ப்பது. பக்கவாட்டில் படராது, மேலேதான் போகும். ஒட்டுமாங்கன்றைப் போல இதுவும் ஒட்டு. ஒட்டுக்குக் கீழே முளைத்தால் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்டு மரம் மேலே ஏறி இதைத் தின்றுவிடும். நிலம் உறையும்வரை தண்ணீர். வீதியில் போடும் உப்பு மேலே படக்கூடாது. இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, பொறுமை இருக்கிறதா என்று கேட்டார். மிக மெதுவாக வளருமாம்.

"நான் கலியாணம் கட்டினவள், மிஸ்யே," என்றாள் செலீன், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். அவர் விலையைக் குறைத்தார்.

வீட்டில் விலை குறையவில்லை. "காய்க்காத மரத்துக்கு ஆரும் காசு குடுப்பினமே?" என்று செபஸ்தியாம்பிள்ளை அதைச் சுற்றி வந்தார். "முருங்கை எண்டாலும் பரவாயில்லை. உது என்னத்துக்கு உதவும்?"

"பாக்க."

"பாக்கவோ? என்னைப் பாத்துக் காணாதே உமக்கு?"

அவளுக்கு அது குசினி யன்னலுக்கு நேரே வேண்டும். கோப்பை கழுவும்போது எதிர்ப்பக்க கராஜின் டயர்க் குவியலையே அவள் ஒவ்வொரு நாளும் பார்த்தாள். அதற்குக் குறுக்கே ஒன்று நிற்கட்டும் என்று நினைத்தாள். செபஸ்தியாம்பிள்ளை மண்வெட்டியோடு வந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் வீதியைப் பார்த்து, பிறகு எல்லைக்குப் போய்க் குழி வெட்டினார். இரும்பு வலை துருப்பிடித்து, மச்சான்மார் இருவருமே சேர்ந்து அதைப் பிடுங்கி எறிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலியில்லாத எல்லை அவரை உறங்க விடவில்லை போலும். யன்னலின் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் மரம் தெரியும். செலீன் கழுத்தைத் திருப்பப் பழகிக்கொண்டாள்.

அடுத்த சில வருஷங்கள் அவள் அந்த மரத்துக்குச் செய்ததை யாராவது எழுதி வைத்திருந்தால் அது ஒரு நல்ல மனைவியின் சரித்திரமாக இருந்திருக்கும். அரிசி கழுவிய தண்ணீர் அதற்குத்தான். மரப்பட்டைத் தூளை அடியில் பரப்பி, தண்டில் முட்டாதபடி விரலால் விலக்கி விடுவாள். ஒட்டுக்குக் கீழே வந்த முளையை நகத்தால் கிள்ளுவாள். ஒரே ஒரு முறை பிழைவிட்டாள். ஊரில் தென்னைக்கு ஊற்றுகிற ஞாபகத்தில் மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள். அன்றிரவு ஒரு ஸ்கங்க் வந்து அடியைக் கிண்டி, போகும்போது தன் வாசனையையும் விட்டுப்போனது. வீதி முழுக்க யன்னல் பூட்டியது. பேரின்பநாதன் துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"தங்கச்சி, இதென்ன, பீச் மரமோ, பீ மரமோ?"

அப்போதெல்லாம் இரு வீடும் சிரித்துக்கொள்ளும்.

முதல் குளிர்காலத்தில் இலைகள் காய்ந்து செம்பு நிறமாகின. ஆனால் விழவில்லை. தெருவில் மேப்பிள்கள் எல்லாம் ஒழுங்காக உதிர்த்துவிட்டு நிற்க, இது மட்டும் பழுப்பு உடுப்பைக் கழற்ற மறுத்தது. "பட்டுப்போச்சு," என்றார் செபஸ்தியாம்பிள்ளை, தான் முன்பே சொன்னதைப் போன்ற குரலில். "பட்ட மரத்தை வாசலிலை வைச்சிருக்கிறது நல்லதில்லை, பிள்ளை," என்றாள் திரேசம்மா, எல்லாம் தெரிந்தவளாக. செலீன் நாற்றுக்கடைக்காரரிடம் ஓடினாள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார் என்றார் அவர். சுரண்டினாள். உள்ளே பச்சை.

அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும், வீதி உப்பு படாமல் இருக்க நாலு தடியைச் சுற்றி ஊன்றிச் சாக்குக் கட்டினாள். "மரத்துக்குச் சுவெற்றர் போடுறீர், எனக்கு எங்கை?" என்று கணவர் கதவருகே நின்று கேட்பார். அந்த உலர்ந்த இலைகளை அது வைகாசியில்தான் உதிர்க்கும். சின்னச் சுருட்டுகளைப் போலக் கூர்ந்த மொட்டுகள் வெடிக்கும் அதே வாரத்தில். ஊரெல்லாம் வசந்தத்துக்குக் கூட்டித் துடைத்து, குப்பை வாரியை நிலவறையில் வைத்த பிறகு. அந்த இலை பேரின்பநாதனின் காருக்கு மேல் விழுந்தது.

சண்டை அங்கேதான் தொடங்கியது. முதல் நாள் அவர் இலையைக் கூட்டினார். இரண்டாம் நாள் வேலையிடத்துப் பெரிய கத்தரியோடு வந்தார்.

"அண்ணை, அதை வெட்டாதேங்கோ. அது அகலத்துக்கு வராது. தன்ரை இடத்திலைதான் நிக்கும்."

"என்ரை பக்கம் வந்ததைத்தான் வெட்டுறன்."

"காத்துக்குச் சரிஞ்சிருக்கும்."

"ஓமோம், சரியும். உன்ரை மனிசன் சரிச்சுத்தான் நட்டவன். எனக்குத் தெரியாதே? கதியால் எப்பிடிச் சரிக்கிறதெண்டு எனக்கு நீ படிப்பிக்கத் தேவையில்லை."

தேவையில்லைத்தான். குருநகரில் அவர்களின் தகப்பன் அந்தக் கலையில் பெயர் எடுத்தவர். கயிற்றின் ஒரு நுனியை மகன் பிடிக்க, மறு நுனியை மகள் பிடிக்க, தகப்பன் கதியாலைச் சரித்த நாட்கள் உண்டு. இரண்டு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம். ஆகவே மரம் என்றாலே அது காணி பிடிக்க வந்த தடிதான் என்று ஒரு பிள்ளை நம்பியது. அடுத்த பிள்ளையின் கணவரோ, சும்மா வளர்ந்து நின்ற மரத்தைத் தன் எல்லைக் கொடியாக ஆக்கிக்கொண்டார். "எந்த உரிமையிலை வெட்டுறாய்? என்ரை மரம்," என்று அவர் கத்த, "என்ரை நிலம்," என்று இவர் கத்த, மச்சான்மார் கதைபேச்சை நிறுத்தினார்கள். ஒவ்வொரு கோடையும் பேரின்பநாதன் ஒரு பிடி உள்ளே வெட்டினார். பூவரசாக இருந்தால் வெட்டிய இடத்தில் பத்துத் துளிர் வந்திருக்கும். பீச் கோபித்துக்கொண்டு வெறுமனே நின்றது.

செலீன் ஒன்றைக் கண்டுகொண்டாள். மச்சானோடு சண்டை தொடங்கிய நாளிலிருந்து செபஸ்தியாம்பிள்ளை மரத்தைக் குறை சொல்லவில்லை. காய்க்காததைப் பற்றிப் பேச்சில்லை. பட்டுப்போய்விட்டது என்பதில்லை. தண்ணீர் வாளியைச் சில நாள் தானே தூக்கினார். சாக்குக் கட்டும்போது தடியைப் பிடித்தார். மரத்தில் அன்பு வந்துவிட்டது என்று யாரும் ஏமாற வேண்டாம். எதிரி வெட்டுகிறான், ஆகவே காக்கவேண்டும், அவ்வளவுதான். சண்டை இருக்கும்வரை மரம் இருக்கும். அரைப் பக்கம் மொட்டையாக இருந்தாலும் இருக்கும்.

அது தன்னுடைய மரம் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் அக்கறை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணனும் கணவனும் ஒற்றுமையாக வேண்டும் என்று பூசையில் மெழுகுதிரி கொளுத்தினாள். கொளுத்தும்போதே, உடனே வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டாள். மாதா எதைக் கேட்டாரோ.

2005 தவக்காலத்தில் ஆபத்து வந்தது. விசாரிக்க விசாரிக்க இந்த இடத்தில்தான் கதை பால் மாதிரித் திரிந்தது. பாஸ்கா என்ற உயிர்ப்புப் பெருநாளுக்கு முன் பகைவரோடு சமாதானமாகுங்கள் என்று சுவாமியார் பிரசங்கம் வைத்தார். வழக்கமாக ஆண்கள் பிரசங்க நேரத்தில் வெளியே நின்று காற்று வாங்குவார்கள். அன்று குளிர் அதிகம், உள்ளே நின்றுவிட்டார்கள். செபஸ்தியாம்பிள்ளை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்:

"பாஸ்காவுக்கு மச்சானைக் கூப்பிடப் போறன். மரம்தானே சண்டை. அதைத் தறிச்சுவிட்டால் முடிஞ்சுது."

செலீன் மீன் சட்டியை இறக்கி வைத்தாள். "சாக்குக் கூட அவிழ்க்கேல்லை," என்றாள்.

"சாக்கோடையே தறிக்கலாம்."

அடுத்த ஞாயிறு, நிலவறையில் தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போது, செலீன் திரேசம்மாவின் கோப்பையைக் கொஞ்சம் கூடுதலாக நிரப்பினாள். "அண்ணை சொல்லுறார், எங்கடை வீட்டு மரம் அவரின்ரை காணிக்குள்ளை நடந்து வருதாம்," என்றாள், சிரித்துக்கொண்டே. "வருஷத்துக்கு நாலு விரலாம். இவர்தான் நடத்துறாராம்." அவ்வளவுதான் சொன்னாள். திரேசம்மாவிடம் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அண்ணன் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லக்கூடியவர்தான், சொல்லவில்லை.

மருந்து உடனே வேலை செய்தது. மச்சான் தன்னைக் கோவில் முழுக்கக் காணிக் கள்ளன் ஆக்கிவிட்டான் என்று கேள்விப்பட்ட செபஸ்தியாம்பிள்ளை பாஸ்கா அழைப்பை விழுங்கினார். பேரின்பநாதன் அந்தக் கதையைத் தான் சொல்லவில்லை என்று மறுக்கவும் இல்லை; யாரோ கட்டியதென்றாலும் தனக்குச் சாதகமான கதை. மரம் தப்பியது. வைகாசியில் செப்பு இலைகளை உதறிவிட்டு நாவற்பழ நிறத்தில் துளிர்த்தது. மேற்குப் பக்கம் மட்டும். அது மேல்மாடிப் பல்கனியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

ஆனால் மருந்தின் அளவு கூடிவிட்டது. கோடைத் திருநாளில் கொடி பிடிக்க வழக்கமாகச் செபஸ்தியாம்பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் கூப்பிடவில்லை. கொடியை அவர் பக்கத்து வீட்டுக்குள் ஊன்றிவிடுவார் என்று யாரோ பகிடி விட்டார்களாம். அவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நாலாம் நாள் எழும்பி, "நான் கள்ளனோ இல்லையோ எண்டு காணி அளக்கிற சேவையர் வந்து சொல்லட்டும்," என்றார்.

"என்னத்துக்கு வீண் செலவு?" என்றாள் செலீன்.

"உமக்கு உம்மடை கொண்ணையைக் காப்பாத்த வேணும்."

அவள் காப்பாற்ற நினைத்தது யாரை என்று அவருக்குச் சொல்ல முடியாது.

இலையுதிர் காலத்தில் நில அளவைக்கு ஓர் இளம் பெண் வந்தாள். செம்மஞ்சள் முளைகளை அடித்துக்கொண்டே போனாள். இரண்டு மச்சான்மாரும் இரண்டு படிக்கட்டில் கைகட்டி நின்றார்கள். முடிவில் அவள் சொன்னதை இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வீட்டுக் காணியும் படிக்கட்டின் அடியோடு முடிகிறது. அங்கிருந்து நடைபாதை வரையுள்ள புல்தரை முழுவதும், மரமும் சீமெந்துக் கட்டியும் உட்பட, நகரசபையின் நிலம். பேரின்பநாதன் தார் போட்டுக் கார் நிறுத்திவைத்திருந்த இடமும்தான்.

நாலு கோடையாக அடுத்தவன் நிலத்துக்காகச் சண்டை பிடித்த இரண்டு பேர் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தார் போட்டதுக்குத் தண்டம் அடிப்பாங்களோ?" என்று பேரின்பநாதன் கேட்டார். யாரிடம் கேட்டார் என்பது முதலில் விளங்கவில்லை.

"அடிப்பாங்கள்தான்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்கை வாரும் மச்சான். றோட்டிலை நிண்டு கதைக்கக் கூடாது."

சுவாமியார் பிரசங்கத்தால் முடியாததை நகரசபை பேசாமலிருந்தே முடித்தது.

அடுத்த சனிக்கிழமை செலீன் கோவிலில் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வீதி முனையிலிருந்தே வீட்டின் குசினி யன்னல் முழுதாகத் தெரிந்தது. அப்படி ஒருநாளும் தெரிந்ததில்லை. கிட்ட வந்தபோது புல்லின் மேல் செப்பு இலைகளோடு கிளைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன, கயிறு போட்டு நன்றாகக் கட்டியிருந்தார்கள். அடிக்கட்டை வெள்ளையாக இருந்தது. குனிந்து நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். பச்சை.

உள்ளே குசினி மேசையில் பிரண்டிப் போத்தல். மச்சான்மார் இரண்டு பேரின் மீசையிலும் மரத்தூள்.

"வா தங்கச்சி," என்றார் பேரின்பநாதன், வருஷக் கணக்குக்குப் பிறகு அந்தக் குசினியில். "பிரச்சினை முடிஞ்சுது."

"ஆர் வெட்டினது?"

"ரெண்டு பேரும்தான்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை, பெருமையோடு. "மச்சான் ஒரு பக்கம் வாள் பிடிச்சார், நான் மற்றப் பக்கம். அப்பிடி ஒரு மரம் நிண்டால்தானே நகரசபைக்காரன் காரை நிப்பாட்டிப் பாப்பான்? பாத்தால் தாரும் தெரியும். இப்ப ஒண்டுமில்லை, வெறும் புல்லு."

"ஆரின்ரை மரம் எண்டு கேட்டனீங்களோ?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நகரசபையின்ரை," என்றார் பேரின்பநாதன். இருவரும் சிரித்தார்கள், கண்ணில் நீர் வரும்வரை.

"நான் வாங்கினது," என்றாள் செலீன். "என்ரை உழைப்பிலை வாங்கினது. நான் தண்ணி ஊத்தினது. உங்கள் ரெண்டு பேரின்ரையும் இல்லை."

சிரிப்பு நின்றது, அதிக நேரத்துக்கு அல்ல. "சரி, சரி," என்றார் அண்ணன். "அதுக்கென்ன. நான் உனக்கு வேறை ஒண்டு வாங்கித் தாறன். இதைவிட நல்லதா."

"எப்ப?"

"பேந்து, பிறகு பாப்பம்."

"கடிச்சுக்கொள்ள ஏதும் பொரிச்சுக் கொண்டு வாருமன்," என்றார் கணவர்.

அவள் மீன் பொரித்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள், உப்பில்லாமல். இருவரும் கவனிக்கவில்லை.

வதந்தி தானே கட்டியது என்று அவள் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சண்டை மறுபடி தொடங்குமா என்று ஒருமுறை யோசித்தாளாம். தொடங்கி என்ன, காக்க மரம் இல்லையே என்று விட்டுவிட்டாள். செபஸ்தியாம்பிள்ளை கிளைகளில் நேரானவற்றைப் பொறுக்கிப் பின்வளவில் வரிசையாக ஊன்றினார், கதியாலாக. துளிர்க்கும் என்று வைகாசி வரை காத்திருந்தார். பீச் தடி துளிர்க்காது. இப்போது அதில் பாகற்கொடி ஏறுகிறது.

அடுத்த வசந்தத்தில் நகரசபை ஆள் ஒருவன் வேறு வேலையாக வந்து அடிக்கட்டையைப் பார்த்தான். இதென்ன மரம் என்று கேட்டான். செலீன் சொன்னாள். இந்தத் தெருவில் அப்படி ஒன்று நின்றதா என்று வியந்து, தங்களுக்குச் சொல்லியிருந்தால் தாங்களே பார்த்துக்கொண்டிருப்போமே, காசும் இல்லாமல், என்றான். தாரைப் பார்க்கவே இல்லை. பேரின்பநாதன் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பட்ட கடனை அவள் மறக்கவிடவில்லை. அந்த வருஷ மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு அவர் பெட்டியில் வந்த பிளாஸ்ரிக் மரம் ஒன்றைக் கொண்டுவந்து, "இந்தா, மரம்," என்றார். அவள் வாங்கி மகள் அனோஜினியின் அறையில் வைத்துவிட்டு, "இது கணக்கிலை இல்லை அண்ணை," என்றாள். பிறந்தநாளுக்கு ஒரு பூச்சாடி வந்தது. அதுவும் கணக்கில் இல்லை. சாப்பிட உட்காரும்போது கேட்பாள். கோவில் படியில் கேட்பாள். குரலை உயர்த்துவதில்லை. "அண்ணை, என்ரை மரம்?" பேந்து, தங்கச்சி. திரேசம்மா ஒருநாள், "உந்த வயசிலை ஒரு தடிக்காக அண்ணனைக் கரைச்சல் படுத்துறியே," என்றாள். செலீன் அவளுக்குத் தேநீர் ஊற்றவில்லை.

2007 மாசியில் பேரின்பநாதனுக்கு இருதய அறுவைக்காக நெஞ்சில் கத்தி வைத்தார்கள். செலீன் ஆஸ்பத்திரிக்குப் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் கஞ்சியும் கொண்டுபோனாள். புழுக்கொடியலைத் தாதி திருப்பி அனுப்பிவிட்டாள். அண்ணன் குழாய்களுக்கு நடுவே அவள் கையைப் பிடித்தார்.

"அந்த மரக் கதையை மன்னிச்சு விடு, தங்கச்சி. செத்தால் கடனோடை போகக் கூடாது."

"சாகமாட்டியள்," என்றாள் செலீன். "வைகாசியிலை நாற்றுக்கடை திறக்கும்."

அவர் சாகவில்லை. வைகாசியில் நாற்றுக்கடையும் திறந்தது. இத்தாலிக்காரரின் மகன் நடத்துகிறான். பேரின்பநாதன் தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து போய், இரண்டு பையோடு திரும்பி வந்தார். செலீன் வாசற்படியில் நின்று பார்த்தாள். தக்காளிக் கன்று, கறிமிளகாய்க் கன்று, கோழி எரு.

"பீச் இல்லையாம்," என்றார், அவள் கேட்குமுன்பே. "விசாரிச்சனான்."

"நேற்று நான் போனனான், அண்ணை. ரெண்டு நிக்குது."

அவர் பையைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். தார் போட்ட இடத்தைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், பின்பு தக்காளிக் கன்றில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதைப் பிடி. மற்றதைப் பேந்து பாப்பம்."

அவள் கையை நீட்டவில்லை.